எட்டுப் பாகம் வாய்க்கால்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதியும் இருக்கிறது. முன்னதைப் பின்னால் எழுதியிருந்தால் கோபிக்காமல் வாசியுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் இதுவும் வராது. ஆட்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் நான்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் அகதி முகாமுக்குப் பின்னால் ஒரு கால்வாய் போகிறது. அதன் மேல் சின்னப் பாலம். ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் கதைத்துக்கொண்டே வருவார்கள். பாலம் வந்ததும் மூக்கைப் பிடித்து வாயை மூடுவார்கள். அந்தப் பக்கம் இறங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள். படகில் வந்த புதிதில் இது ஏதோ கோயில் வழக்கம் என்று நினைத்து நானும் வாயை மூடினேன். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் பாலத்தில் எனக்குப் பேச்சு நிற்கிறது.

தண்ணீர் ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் துரு நிறம், சில நாள் நுரை. கம்பெனிக் கழிவு என்பார்கள். எங்கள் முகாம் கக்கூஸ் தண்ணீரும் அதில்தான் விழுகிறது, அதை மறைத்து என்ன. மழை வந்தால் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டு எல்லாம் கடைசி வரிசை வீடுகளுக்குள் ஏறும். அந்த வரிசையிலும் கடைசி வீடு எங்களுடையது. போன ஐப்பசியில் கட்டில் கால் முழுகி நின்றது. சர்க்கரை வியாதிக்காரியான என் மகள் சாந்தி அதற்குள் நின்று சமைத்தாள். காலில் வந்த புண் ஆறாமல் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அடுத்த மழைக்குள் அந்த அடைப்பு போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆரம்பாக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு ரயிலில் வரும் யமுனா என்ற பெண், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் சேர்த்துக் கால்வாயைத் துப்புரவு செய்கிறாள் என்று கேள்விப்பட்டு மம்பட்டியோடு போனேன். ஒரே நிறப் பனியன் போட்டவர்கள் கண்ட இடத்தில் நாலு பை குப்பை எடுத்தார்கள், போட்டோ பிடித்தார்கள், வெயில் ஏறுமுன் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் அதே குப்பை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வவுனியாவுக்கு வடக்கே எங்கள் ஊரில், காலபோகம் என்கிற மழைக்கால நெல் விதைப்புக்கு முன் வாய்க்கால் வெட்டித் துப்புரவாக்குவோம். தண்ணீர் பார்க்கிற வட்டவிதானையார் வயலுக்குத் தக்கபடி வீட்டுக்கு இத்தனை பாகம் என்று அளந்து, இரண்டு தலைப்பிலும் முளை அடித்துவிடுவார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். உன் முளைக்குள் ஒரு புல் நின்றாலும் ஊர் முழுக்க உன் வீட்டுப் பெயர் நாறும்.

அதைத்தான் இங்கேயும் செய்தேன். கருவேலங் கொம்பு வெட்டி, எட்டு எட்டுப் பாகமாக அளந்து முளை அடித்து, பழைய சேலைக் கரையைக் கிழித்து அடையாளம் கட்டினேன். கடைசி வரிசையில் வீட்டுக்கு ஒரு துண்டு. யமுனாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் எங்கள் பெண்கள் ஐந்து துண்டு முடித்தார்கள். தண்ணீர் நகர்ந்தது. கறுப்பாகத்தான், ஆனாலும் நகர்ந்தது. இன்னும் மூன்று துண்டுதான் மிச்சம்.

நாலாவது ஞாயிறு முனிரத்தினம் பத்துப் பேரோடு வந்தார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் நெல் வயல் வைத்திருக்கிறவர்.

"இன்னாம்மா இது, துணி கட்டி கோல் நட்டுகினு கீற? பிளாட்டு போட்றியா?"

"துப்புரவாக்கத்தான் ஐயா அளந்தனான்."

"அளக்கறதுக்கு நீ இன்னா சர்வேயரா? இன்னிக்கு குச்சி, நாளைக்கு கொட்டாய், நாளன்னிக்கு கரண்டு. எங்களுக்குத் தெரியாதா? கவுருமெண்டு குட்த்த ஊடு பத்தலியா?"

பின்னால் நின்ற ஒருத்தி, "எங்க போனாலும் தனி நாடு கேப்பாங்கடி இவங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

யமுனா நடுவில் வந்தாள். "அண்ணே, பேஜாரு பண்ணாதீங்க. அந்தம்மா தெரியாம பண்ட்டாங்க."

தெரியாமலா? அங்கே முளை அடித்தால் வேலை உன் தலையில் என்று அர்த்தம். இங்கே முளை அடித்தால் நிலம் பிடிக்கிறாய் என்று அர்த்தம். எனக்குத் தெரியாதது அது ஒன்றுதான்.

மறுநாள் முகாம் பார்க்கிற அதிகாரி வந்தார். முகாம் ஆட்கள் இனிக் கால்வாயில் இறங்கக் கூடாது, முளைகளை அடித்தவளே பிடுங்க வேண்டும் என்றார். முனிரத்தினம் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி, "இன்னும் ஒண்ணு கீது பாரு, அந்தாண்ட" என்று விரலை நீட்டினார். எங்கள் வீட்டுத் துண்டின் முளை அது. இழுத்ததில் மேல் பாதி கையோடு முறிந்து வந்தது. அடிப் பாதி சேற்றுக்குள் நின்றுவிட்டது. நான் யாருக்கும் சொல்லவில்லை.

யமுனாவின் ஆட்கள் அதற்குப் பிறகு வரவில்லை. மூன்று துண்டும் அடைத்தபடி கிடக்கின்றன. புரட்டாசி முடியப் போகிறது. சாந்தி கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்துவிட்டாள். அடைத்த தண்ணீர் முனிரத்தினத்தின் வயலுக்குள்ளும் ஏறும். ஏறட்டும் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் நினைக்கிறேன்.

இப்போது பாலத்தில் நான் மூக்கைப் பிடிப்பதில்லை. நின்று, அந்த அரை முளை இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். ஊரில் எங்கள் முளை பாலை மரத்தடியில் நின்றது. அதைப் பிடுங்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள்தான் விட்டுவிட்டு ஓடிவந்தோம்.

வவுனியாப் பக்கத்திலிருந்து இதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு விட்டது எட்டுப் பாகமா, பத்தா? எட்டு என்ற நினைவில்தான் இங்கே அளந்தேன். தொடங்கியது பாலை மரத்திலிருந்தா, மதகிலிருந்தா என்பதும் சரியாக ஞாபகமில்லை. இப்போதும் அங்கே வாய்க்கால் வெட்டுகிறார்கள் என்றால், எங்கள் துண்டை யார் வெட்டுகிறார்கள் என்றும் பாருங்கள்.