வராத சீழுக்கு ஊசி

தீயணைக்கும் சிலிண்டரைக் கடை கடையாக விற்றவர் அவர். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் நெருப்பு. அவர் தலையைக் கண்டாலே கடைக்காரர்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அவரும் லேசில் விடமாட்டார். கடை வாசலிலேயே தகரத் தட்டில் பெட்ரோலை ஊற்றிப் பற்றவைப்பார்; கூட்டம் சேர்ந்ததும் அணைத்துக் காட்டுவார்.

ஒரு நாள் காற்று திசை மாறி அடித்தது. தட்டு அணைந்துவிட்டது, அவர் கால்சட்டை அணையவில்லை. அதை அணைத்தவர், சிலிண்டரே வேண்டாம் என்று விரட்டிய எதிர்க்கடைக்காரர். ஒரு வாளித் தண்ணீர் போதுமாயிருந்தது.

தீக்காய வார்டில் டாக்டரம்மா ஒரு புது ஊசியைப் பற்றிச் சொன்னார். வெந்த புண்ணில் பச்சையாகச் சீழ் வைக்கிற கிருமி ஒன்று உண்டு, மருந்துக்கு எளிதில் மசியாது, அது வருமுன்னே உடம்பைத் தயார் செய்கிற தடுப்பூசி இது. இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, பலிக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது, விருப்பமிருந்தால் போடலாம் என்றார். சீழ் வைக்கட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்றார் நெருப்பு.

பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“தீப்பிடிக்கட்டும், அப்புறம் சிலிண்டர் வாங்கிக்கறேன்னு ஒருத்தர் சொன்னா, சரின்னு விட்டுட்டு வருவீங்களா?”

அவர் கையை நீட்டினார்.

முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்ததற்குத் தோள் வீங்கியது. சீழ் மட்டும் வரவேயில்லை. தொடையில் ஒட்டவைத்த தோல் நன்றாகப் பிடித்து, எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. வராத சீழுக்கு எதற்கு ஊசி என்று கட்டில் கட்டிலாகப் போய்க் குறைப்பட்டார். தீயே பிடிக்காத கடைக்கு எதற்கு சிலிண்டர் என்று அவரிடமே எத்தனையோ பேர் அலுத்துக்கொண்டதுண்டு. அது அவர் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. மனைவிக்கு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்குப் புறப்படுகிற அன்று டாக்டரம்மா ஓர் உதவி கேட்டார். கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டி வந்திருந்த சமையல்காரர் ஒருவர் அந்த ஊசிக்குத் தயங்குகிறாராம். போட்டுக்கொண்டவர் யாரிடமாவது விசாரிக்க வேண்டும் என்கிறாராம்.

நெருப்பு போய் உட்கார்ந்து காய்ச்சலையும் வீக்கத்தையும் விலாவாரியாக எடுத்துவிட்டார். ஏன்தான் இவரை அழைத்தோமோ என்றிருந்தது டாக்டரம்மாவுக்கு.

“சரி, அப்புறம் புண்ணுல என்ன ஆச்சு?” என்று கேட்டார் சமையல்காரர்.

“என்ன ஆச்சு? ஒண்ணுமே ஆகலை,” என்றார் நெருப்பு எரிச்சலாக.

சமையல்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நல்ல கையை நர்ஸிடம் நீட்டி, சட்டையை மேலே சுருட்டச் சொன்னார்.