சைபருக்குக் கீழே

இது நடந்தது. ஊர்காவற்றுறையில், 1989 ஆடி மாதம், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மத்தியானத்தில் நிம்மதியாகக் கண்ணயர்ந்து பார்க்கட்டும்.

நாகபூசணிக்கு அந்த வருடம் முழுக்கக் கோபம். கட்டடக்கலை மூன்றாம் வருடம் படிக்கையில், தெற்கில் குழப்பம் என்று கம்பஸை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் குந்தியிருந்தவளைப் பரராசசிங்கத்தார் கூப்பிட்டனுப்பினார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் பதுளைக் கடை எரிய ஊர் திரும்பிய முதலாளி. லண்டன் மகன் அனுப்பிய கொம்பியூட்டர் ஒன்று அவருடைய முன்னறையில் துணி போர்த்துக் கிடந்தது. பின்வளவில் கலியாண மண்டபம் கட்டப்போகிறார். அதன் பிளானைக் கொம்பியூட்டரில் கீற வேண்டும். சவூதியில் கையால் பிளான் கீறிவிட்டுத் திரும்பியிருந்த தம்பிராசாவுக்கும் அதைப் பழக்க வேண்டும்.

"பிளான் முடிஞ்சால் மெஷினை நீரே கொண்டுபோம், பிள்ளை" என்றார். கடைசி வருடப் படங்களை இதிலேயே கீறலாமே! அந்த ஒரு ஆசையில்தான் அவள் போனாள்.

ஜெனரேட்டர் ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை ஓடும். பிறகு மூன்று மணிக்குத்தான்.

"லேயர் எண்டால் கண்ணாடித் தாள் மாதிரி, அண்ணை. சுவர் ஒண்டிலை, கதவு ஒண்டிலை. மேலை மேலை அடுக்கிறம்." முப்பத்தைந்து வயதுத் தம்பிராசா ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பழகினார். நல்ல மாணவன்தான்.

திங்கட்கிழமை, பின்னேரம் 3.05. படத்தைத் திறந்தாள். மண்டபத்தின் நடுவில் ஒரு வட்டம். அதற்குள் சின்னதாக ஒரு கோடு.

"இதென்ன அண்ணை?"

"நான் கீறேல்லைப் பிள்ளை."

அழித்தாள். செவ்வாய்க்கிழமை அதே இடத்தில், அதே வட்டம், அதே கோடு. அளந்தாள். வட்டம் ஆறடி. கோடு நாலடி பத்து அங்குலம். கடைசியாகச் சேமித்த நேரம் 12.52 என்றது கொம்பியூட்டர். 12.30க்கே ஜெனரேட்டர் நின்றுவிட்டதே? மணிக்கூடு பிழையாக்கும் என்று ரேடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை பரராசசிங்கத்தார் திரையை எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப் போயிற்று.

"ஆர் உமக்கு உதைச் சொன்னது? அழியும்! இன்னொருக்கா உது வந்தால் மெஷினை மறந்திடும்!"

அவருடைய சூட்டை அவள் தம்பிராசாவிடம் இறக்கினாள். "பழக ஏலாட்டி விடுங்கோ. ஏன் என்ரை வேலையைக் கெடுக்கிறியள்?" அவர் எழும்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை தனியே வேலை செய்தாள். பன்னிரண்டரைக்கு, படம் இருந்த பிளொப்பியைக் கழற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சாப்பிடும்போதும் பை மடியில்தான்.

3.04. பிளொப்பியைப் போட்டாள்.

வட்டம். கோடு. நேரம் 12.52.

கோட்டின் விவரம் கேட்டுத் தட்டினாள். பிளானில் எல்லாம் தரைமட்டம். எல்லாவற்றுக்கும் உயரம் சைபர். இந்தக் கோட்டுக்கு மட்டும்... சைபருக்குக் கீழே பதினாலடி மூன்று அங்குலம்.

ஆழம் போடுவது எப்படி என்று அவள் தம்பிராசாவுக்குச் சொல்லிக் கொடுக்கவேயில்லை.

3.11. பின்வளவில் சத்தம்.

கிறீச்... கிறீச்...

கப்பிச் சத்தம். அங்கே கிணறே இல்லை.

போய்ப் பார்த்தாள். ஆடி வெயிலில் வளவெல்லாம் காய்ந்து கிடந்தது. ஓரிடத்தில் மட்டும் பச்சைப் புல். வட்டமாக.

ஓடினாள். தம்பிராசா வீட்டு வாசலில்தான் நின்றாள்.

"அந்த வளவிலை கிணறு இருந்ததோ, அண்ணை?"

"ஓம். நல்ல தண்ணிக் கிணறு. எண்பத்தைஞ்சிலை மூடினவர். உப்பாப் போச்சாம்."

ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கிற தீவு அது. அங்கே ஒருவர் நல்ல தண்ணீர்க் கிணற்றை மூடுகிறார், ஏன் என்று கேட்க ஊரில் ஒரு நாய்கூட இல்லை! நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

தம்பிராசாவின் குரல் இறங்கியது. "அந்த வருஷந்தான்... என்ரை தங்கச்சி இராசேஸ்வரி... அங்கைதான் வேலைக்கு நிண்டவள். ஆரோடையோ வள்ளமேறி ஓடிட்டாள் எண்டு முதலாளிதான் சவூதிக்குக் கடிதம் போட்டவர். நானும்... நம்பினனான், பிள்ளை."

வட்டத்தையும் ஆழத்தையும் அவள் அவருக்குச் சொல்ல, இருட்டுமுன் கதை ஊரெல்லாம் பரவிற்று. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் பரராசசிங்கத்தார் போய்விட்டார். சனிக்கிழமை ஊரே நின்று தோண்டியது.

பகல் 12.52. தோண்டியவர்கள் மண்வெட்டியை நிறுத்தினார்கள்.

கண்ணாடி வளையல். பிறகு எலும்பு.

தம்பிராசா அளவு நாடாவை இறக்கினார். பார்த்தார். அவளிடம் நீட்டினார்.

பதினாலடி மூன்று அங்குலம்.

அவள் கும்பிட்ட கையோடு நின்றாள். புதன்கிழமைப் பேச்சுக்கு அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு. கோட்டின் நீளத்தை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தம்பிராசா குழிக்குள் பார்த்தபடியே சொன்னார்.

"தங்கச்சி கட்டை, பிள்ளை. நாலடி பத்துத்தான்."