ஓடாமல் இருக்க ஒரு தையல்

என் அப்பாவின் அக்காவைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலர் அக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஒரே மெஷினில் சட்டைக் காலர் மட்டும் தைத்தவள். அவள் தைத்த காலரின் இரண்டு முனைகளும் இம்மி பிசகாது. புதுப் பெண்கள் வந்தால் சூப்பர்வைசர் அதில் ஒன்றை எடுத்துக் காட்டி, இது மாதிரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். அந்த மனுஷன் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பிறந்திருப்பான், அவனைப் பெற்றவள் பாவம் என்பாள் அத்தை.

காலர் மெஷினுக்கு முக்காலி உண்டு. எங்கள் லைனில் அது சின்ன விஷயமில்லை. நூல் வெட்டுகிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், என்னைப் போல அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவர்கள் எல்லோரும் நாள் முழுக்க நின்றுதான் ஆக வேண்டும். அத்தைக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருக்கும். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் கால் வீங்கிவிடும். உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறவரைதான் அவளுக்கு வேலை. அது வீட்டில் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாற்பத்தாறு வயதில், நின்றுபோக வேண்டிய மாதவிலக்கு அவளுக்கு அதிகமாகத் தொடங்கியது. பதின்மூன்று வயதிலிருந்து அவள் வைத்துக்கொண்டது துணிதான். பழைய பருத்தித் துணியை வெட்டி, ஓரம் அடித்து, நாலாக மடித்து வைத்திருப்பாள். துவைத்ததும் கொடியில் என் அப்பாவின் சட்டைக்கு அடியில் காயப்போடுவாள். முன்பெல்லாம் ஒரு ஷிப்டுக்கு இரண்டு துணி போதும். இப்போது ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கழிவறைக்குப் போக லைனுக்கு ஒரே ஒரு மரச்சில்லு. அது கைக்கு வந்தால்தான் எழுந்திருக்கலாம். நாற்பத்திரண்டு பேரைச் சுற்றிவிட்டு அது வருவதற்குள் பாதி நாள் போய்விடும்.

ஒரு நாள் முக்காலியில் கறை தெரிந்தது. பக்கத்தில் தையல் சரிபார்க்கிற செக்கிங் அக்கா பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் துடைத்துவிட்டாள். ஆனாலும் எப்படியோ ஸ்டாப்வாட்ச் காதுக்குப் போனது. அவர் அத்தையிடம் எதுவும் கேட்கவில்லை. மொத்த லைனையும் நிறுத்தி, அடுத்த வாரம் வெள்ளைச் சட்டை வருகிறது, துணியில் எண்ணெயோ வேறெதுவோ பட்டால் அந்தத் துணியைத் தைத்தவர் மெஷினை விட்டு எழுந்திருக்க வேண்டியதுதான் என்றார். வேறெதுவோ என்று சொல்லும்போது கூரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ வெச்சுக்கிறியே, அது எனக்கும் வாங்கிட்டு வா."

நான் எப்போதும் மெல்லிய சானிட்டரி பேட் ஒன்றை வாங்குவேன். அது அவளுக்குத் தாங்காது. கடையில் முதல்முறையாக ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிறியது, பெரியது, மிகப் பெரியது. இறக்கை வைத்தது, வைக்காதது. மேலே வலை போட்டது, பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. அதிகமாகப் போகிறவர்களுக்கு நீளமானதுதான் சரி. உட்கார்ந்தே இருப்பவர்களுக்குப் பின்பக்கம்தான் கசியும் என்பதால் பின்னால் அகலமாக இருக்க வேண்டும். வலை போட்டது சீக்கிரம் உறிஞ்சும், ஆனால் எங்கள் தையல் கூடத்துச் சூட்டில் வியர்த்துத் தொடை உரசிப் புண்ணாகிவிடும். மிகப் பெரியது, இறக்கை உள்ளது, பஞ்சு மேல்பரப்பு என்று எடுத்தேன். கடைக்காரர் நான் கேட்காமலே கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அத்தை கதவைச் சாத்திவிட்டு, பேட் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாண் போட்டு அளந்தாள். ஒரு சாணும் நாலு விரலும். ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.

"தையலே இல்லையேடி."

"ஒட்டியிருப்பாங்க அத்தை."

பின்பக்கத்துக் காகிதத்தை உரித்து, பசையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "இது இப்படியே ஒட்டித்தான் நிக்குமா?"

"நிக்கும். நான் அஞ்சு வருஷமா வெக்கிறேன்."

"நீ பொட்டி அடுக்குறவ. நான் நாள் பூரா மெஷின் மிதிக்கிறவ. பசைய நம்பி எவடி சட்டை தச்சா?"

இருவரும் சிரித்தோம். பாக்கெட்டில் இரண்டு மொழியில் குறிப்பு இருந்தது. எனக்கு இரண்டும் படிக்கத் தெரியும். அகலமான பக்கம் பின்னால் வர வேண்டும், இறக்கையை மடித்து உள்ளாடைக்கு அடியில் ஒட்ட வேண்டும், நிறையாவிட்டாலும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அடியிலுள்ள பிளாஸ்டிக் படலம்தான் கசிவைத் தடுக்கிறது, அது கிழியாமல் பார்த்துக்கொள்ளவும் என்று அத்தைக்குப் படிக்கத் தெரியாத இன்னொரு மொழியில் மட்டும் ஒரு வரி இருந்தது. அதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

வெள்ளைச் சட்டை வந்த இரண்டாம் நாள் அவளுக்கு மாதவிலக்கு. காலையில் நிமிர்ந்து உட்கார்ந்து தைத்தாள். பதினொரு மணிக்குச் சில்லு அவள் கைக்கு வந்தது. எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. எழுந்து போகிறவர் மடியிலிருக்கும் துணிக்கட்டை முக்காலி மேல் வைத்துவிட்டுத்தான் போவார். வெறுமனே விட்டால் நிற்கிறவர்களில் யாராவது கொஞ்சம் உட்கார்ந்துகொள்வார்கள், பிறகு கிளப்புவது பெரும்பாடு. அத்தையும் நாற்பது காலர் இருந்த கட்டை, முக்காலியைப் பார்க்காமலே அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள். கறுப்புப் பாவாடையில் ஒன்றும் தெரியவில்லை. முக்காலி ஈரமாக இருந்தது அவளுக்குத் தெரியாது.

திரும்பி வந்து கட்டை எடுத்தபோது அடியிலிருந்த நாலு காலரில் கறை. ஒவ்வொரு காலருக்கும் எண் உண்டு, எந்தச் சட்டைக்கு எது என்று. ஒளிக்க முடியாது. செக்கிங் அக்கா நாலையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். சோப்புப் போட்டுத் தேய்த்ததில் கறை வெளிறி இன்னும் அகலமானது. ஸ்டாப்வாட்ச் அங்கேயே வந்து நின்றார். அவர் கத்தவில்லை.

"நாளைலேர்ந்து நூல் வெட்டுற பக்கம் போயிருங்கம்மா" என்றார். இருபத்திரண்டு வருடமும் காலர், காலர் என்று கூப்பிட்டவர்.

அன்று வீட்டில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவள் பசையை நம்பவில்லை. ஐந்து உள்ளாடைகளில் ஐந்து பேடுகளை இரட்டை நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தாள். சுற்றிலும் ஒரு வரிசை, நகராமல் இருக்க நடுவில் நீளமாக ஒரு வரிசை. தையல் அத்தனை நேர்த்தி.

"எவ்ளோ கெட்டியா தச்சேன். அப்புறம் எப்படிடி?"

புதிதாக இருந்த ஒன்றின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அடியில் நூல் போன வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது. ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓட்டை. அப்போதுதான் பிளாஸ்டிக் படலத்தைப் பற்றிய அந்த வரியைச் சொன்னேன்.

"அத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல" என்றாள். அதில் கோபம் இல்லை.

அடுத்த மாதம் நான் சொன்னபடியே ஒட்டினாள். ஒரு சொட்டுக் கசியவில்லை. அந்தத் தெம்பில் ஸ்டாப்வாட்சிடம் போனாள். நான் பெட்டி அடுக்கும் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே ஆகாது சார். காலர்லயே போட்டுருங்க."

"என்ன ஆகாது?"

அவர் வேண்டுமென்று கேட்டாரா, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று கேட்டாரா, தெரியாது. அத்தை வாயைத் திறந்தாள். முப்பது மெஷினும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்த மாதிரி இருந்தது. அவள் மறுபடி நூல் வெட்டுகிற மேஜைக்குப் போய் நின்றுகொண்டாள்.

காலர் மெஷினில் புதுப் பெண் உட்கார்ந்தாள். முனை ஒன்று தூக்கலாகத்தான் வந்தது. அதுவும் பெட்டிக்குள் போனது, கப்பல் ஏறியது, யாரும் திருப்பி அனுப்பவில்லை.

ஒன்பது வாரம் நின்றாள். மத்தியானம் ஆனால் செருப்பு வார் காலில் பதிந்துகொள்ளும். டாக்டர் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, பார்க்கலாம் என்றார். காலைப் பற்றிக் கேட்டதற்கு நிற்காதீர்கள் என்றார். பத்தாவது வாரம் திங்கட்கிழமை காலையில் செருப்புக்குள் கால் நுழையவே இல்லை. என் செருப்பைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, விலகல் மனுவை எழுதிக் கொடு என்றாள். ஆபீஸில் கேட்கிற மொழியில் நான்தான் எழுத வேண்டும். ஆபீஸ் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"காரணம் என்ன போட அத்தை?"

"முடியலன்னு போடு."

அப்படியே எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். நேரமாகிவிட்டது, மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் வேலைக்குக் கிளம்பினேன்.