சந்தில் நின்ற நீல டிரம்

எங்கள் தெருவின் சுகாதாரத்தைக் காப்பாற்ற நான் வெளியிட்ட முதல் வீடியோவில் நெளிந்த கொசுப்புழுக்கள் என் சொந்த வீட்டுப் புழுக்கள். அப்போது அது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சந்துக்குள் நான் போயே வருஷக்கணக்காகிறது. அங்கே நின்ற நீல டிரம் யாரோ பொறுப்பில்லாத ஆளுடையது என்று முடிவுகட்டி, கிட்டே போய்ப் படம்பிடித்து, 'இப்படியும் சிலர்' என்று தலைப்பிட்டுத் தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். முதல் பதில் ஒட்டன்சத்திரத்துக்காரியான என் மனைவியிடமிருந்து வந்தது. "ஏனுங்க, அது நம்ம டிரம்முங்க. மூடி அங்க கெடக்குதான்னு பாருங்க."

எங்கள் பேட்டையான நாகல் நகரே சிரித்திருக்கும். அழித்துவிடலாம் என்று விரல் போனது. அழிக்கவில்லை. காரணம், பக்கத்து வீடு. தோல் வியாபாரம் செய்யும் பாயின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தெருக்கோடியில் இரண்டு வீடுகளில் டெங்கு. அவளுடைய அம்மா பட்டப்பகலிலேயே மகளைக் கொசுவலைக்குள் உட்காரவைத்திருந்தார். "எங்க வீட்டத்தேண்ணே நான் கழுவ முடியும். கொசு எந்த வீட்டுதுன்னு பாத்தா வருது? குரூப்புல நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்டதால்தான் நான் போனைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் போனதே.

சொல்வது லேசு. திண்டுக்கல்லில் ஒருவரிடம் தண்ணீரைக் கொட்டச் சொல்வது, தாலிச் சங்கிலியைக் கழற்றிச் சாக்கடையில் போடச் சொல்வதற்குச் சமம். கொட்டிய பிறகு குழாய் வராவிட்டால்? அந்தப் பயத்தில் பழைய தண்ணீரின் தலைமேலேயே புதுத் தண்ணீரைப் பிடிப்போம். தன் டிரம்மின் அடியைக் கண்ணால் கண்ட குடும்பம் எங்கள் தெருவில் கிடையாது. கொசு அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது.

ஆகவே திரும்பத் திரும்ப எழுதினேன்: வால்வு திறப்பவர் கிளம்பிவிட்டார் என்று குரூப்பில் செய்தி வந்ததும், குழாய் வருவதற்குள் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள், நம் தெருவில் டெங்கு இருக்கிறது.

குரூப்பின் அட்மின் ஓய்வுபெற்ற அதிகாரி. போனில் வந்தார். "சார், ஞாயித்துக்கிழமை எம் பொண்ணப் பாக்க வாராக. டெங்கு தெருன்னு தெரிஞ்சா ஆட்டோவ விட்டு எறங்குவாகளா? அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துருங்க."

மாப்பிள்ளை வீட்டாரைக் கொசுவும் பார்க்க வருமே என்றேன். எடுக்க மறுத்தேன். செத்த நேரத்தில் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்.

குரூப்பை விட்டுத்தானே நீக்க முடியும்? தெருவை விட்டா நீக்கிவிடுவார்? எனக்கென்று ஸ்டேட்டஸ் இருந்தது. அதற்கு அட்மின் நான்தான். அடுத்த தடவை வால்வு செய்தி வந்ததும், இன்னும் குரூப்பில் இருந்த என் மனைவி குரல் கொடுத்தாள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருந்த தண்ணீரையெல்லாம் செடிக்கு ஊற்றிவிட்டு, டிரம்முக்குள் இடுப்புவரை நுழைந்து தேங்காய் நாரால் தேய்த்தேன். அவள் படம்பிடித்தாள். உள்ளேயிருந்தபடியே கொசுவின் வாழ்க்கை வரலாற்றை முழங்கினேன். தெருவே பார்த்தது, அட்மினும் பார்த்ததாக போன் காட்டிக்கொடுத்தது. அடுத்த தண்ணீர் நாளும் முழங்கினேன். அதற்கடுத்த நாளும். இடுப்பு பிடித்துக்கொண்ட வாரத்தில் உட்கார்ந்தபடி முழங்கினேன்.

பிறகு எதிர்வீட்டு அம்மாவின் ஸ்டேட்டஸில் ஒரு டிரம் வந்தது; உள்ளே அவர் கணவர். மறுவாரம் இன்னும் சில டிரம்கள், இன்னும் சில கணவர்கள். ஒரு காலையில் அட்மின் வீட்டம்மா போட்ட படத்தில் டிரம்முக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அந்த அரசாங்க நடையை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். கால்களை எனக்குத் தெரியாதா? யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல், கேட்கவும் வைக்காமல், நான் மட்டும் தனியாக வெற்றி கொண்டாடினேன்.

பாய் வீட்டில் பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு காய்ச்சல்கூட இல்லை. பார்க்கப் போனபோது, ஒரு நல்ல வார்த்தைக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு, என் பேச்சு தெருவையே திருத்திவிட்டது போலிருக்கிறதே என்று நானே ஆரம்பித்தேன்.

"பேச்ச யாருண்ணே கேட்டா? சத்தத்த அமத்திட்டுத்தேன் எல்லாரும் பாப்போம்" என்றார் பாய் வீட்டம்மா. "வீட்டு ஆம்பளையும் டிரம்மு கழுவலாம்னு இம்புட்டு நாளா எங்களுக்குத் தோணாமப் போச்சே."