எரிச்சலில் மிதித்த கம்பளி

ஆதம்பாவாக் காக்கா மௌத்தாகிவிட்டார் என்று என் மனைவி வந்து சொன்னபோது நான் தறியில் இருந்தேன். கால் மிதிப்பதை நிறுத்தவில்லை. "காதில விழல்லியா? மச்சான் மௌத்தாப் போயிட்டாரு!" என்று அலறினாள். விழுந்தது. எல்லாவற்றிலும் என்னை முந்துகிற மனிதர் சாவிலும் முந்திக்கொண்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மருதமுனையில் அவரை அறிந்த உங்களுக்கு என் கதையும் தெரியும். மூத்தவள் ராத்தாவை அவர் கலியாணம் முடித்தார், தங்கச்சியை நான் முடித்தேன்; அண்ணன் முறையில் அவர் எனக்குக் காக்கா. ஊர் வழக்கப்படி இருவரும் பெண் வீட்டோடு வந்து, மாமியின் ஒரே வீட்டு வளவுக்குள் தறி போட்டோம். சாப்பாட்டில் நடுத்துண்டு மீன் அவருக்கு, வால் எனக்கு. "மாமி, இந்த மீனுக்கு முழுக்க வால்தானா?" என்று கேட்பேன். "மூத்த மருமகனுக்குத்தானே முதல்ல, மறுகாத்தான் மத்தவங்க" என்பார் மாமி. மீனை விட்டுவிடுங்கள். 'இது என் இளைய மருமகன் செய்தது' என்று அந்த வாயால் ஒருமுறை கேட்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

மாரி தொடங்கினால் மாமிக்கு இழுப்பு வந்துவிடும், குளிரில் நடுங்குவார். ஒரு வருடம் நான் இரட்டை நூலில் கனத்த போர்வை நெய்து கொடுத்தேன். போர்த்திப் பார்த்தார். "நல்லாத்தான் இரிக்கி மனே. ஆனா குளிருது" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் காக்கா மலைநாட்டுப் பதுளையில் இடுப்பில் கட்டும் சாரம் விற்றுவிட்டு வந்து இறங்கினார், ஒரு சாக்கு நிறையப் பழைய கம்பளிச் சட்டைகளோடு. அங்கே தேயிலைத் தோட்டத்தில் ஒரு கிழவரைச் சந்தித்தாராம். அவருடைய முன்னோர்கள் இந்தியாவில் செம்மறி வளர்த்து, ரோமம் கத்தரித்து, கையால் நூற்று, கம்பளி நெய்தவர்களாம். இயந்திரம் வருவதற்கு முந்திய அந்த வேலையை முழுவதும் கேட்டறிந்து வந்திருந்தார். சட்டைகளை நூலாகப் பிரித்தார், ஆவியில் காட்டி நூலின் சுருளை நீக்கினார். பருத்தியென்றால் பாவு நூல் அறாமலிருக்க நாங்கள் சோற்றுக் கஞ்சி போடுவோம். அவர் புளியங்கொட்டையை அரைத்துக் கூழ் காய்ச்சிப் பூசினார். "ரோமத்துக்கிட்டப் பருத்திட புத்திய எதிர்பார்க்கப்படாது தம்பி" என்பார்.

தறியிலிருந்து இறங்கியது ஓட்டை ஓட்டையாக, ஆளுக்கு மிஞ்சிய அகலத்தில் கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"காக்கா, இது மாமிக்கா, மீன் புடிக்கிற கரவலைக்கா?"

"நெசவு பாதிதான். இனித்தான் வேலை. காலக் கழுவிட்டு வா."

வளவில் பழைய தோணியொன்று கிடந்தது. அதற்குள் கம்பளியைப் போட்டு, சுடுதண்ணீரும் சவர்க்காரமும் ஊற்றினார். இருவரும் ஏறி, தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்தோம். பருத்தித் துணி நெய்கிறவன் நெய்த துணி சுருங்கக் கண்டால் நெஞ்சில் அடித்துக்கொள்வான். இது என் கண்முன்னே சுருங்கியது. சுருங்கச் சுருங்க எனக்குள் பெருநாள். கெட்டுப்போகட்டும் என்று ஓங்கி ஓங்கி மிதித்தேன்.

"காக்கா, சுருங்குது!"

"மிதி."

"இன்னும் சுருங்குது! மாமிட முழங்காலுக்கும் வராது!"

"நிப்பாட்டாத. மிதி."

வெளியே எடுத்து விரித்தோம். ஓட்டைகள் எல்லாம் மூடிக்கொண்டிருந்தன. தடித்த, மெத்தென்ற கம்பளி. தண்ணீர் தெளித்தால் துளி மேலேயே நின்றது. அளவோ மாமிக்கென்றே வெட்டியதுபோல. சுருங்கும் என்று தெரிந்துதான் அவ்வளவு அகலமாக நெய்திருக்கிறார்.

"வளவில இத்தின பேர் இரிக்க, மிதிக்க என்னை ஏன் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"பாசத்தில மிதிக்கிறவன் பாத்துப் பாத்து மிதிப்பான். நீ எரிச்சல்ல மிதிப்பாய். கம்பளிக்கு அதுதான் வேணும்" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

மாமி அன்று நடுங்காமல் தூங்கினார். மறுநாள் தெரு முழுக்க 'மூத்தவன்ட கம்பளி' என்ற பேச்சுத்தான். காக்கா விடவில்லை. "பாதி இவன்ட காலு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. நல்லவராக இருப்பதிலாவது எனக்கு ஒரு சந்து விட்டிருக்கலாம்.

ஜனாஸா எடுத்த அன்று என்னால் அழுகையை அடக்க ஏலவில்லை. "அழுறதிலயும் அவனோட போட்டியா?" என்று மாமி கேட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்ததும் மாமி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார்.

"இனி நீதான் எனக்கு மூத்த மருமகன்."

இத்தனை காலம் இதற்குத்தானே காத்திருந்தேன்? "வேணாம் மாமி. அது அவருட இடம். நான் எளையவனாவே இரிக்கன்" என்றேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த எரிச்சல் ஒன்றுதான். யாருக்கும் பங்கு கொடுக்காமல் நானே வைத்துக்கொள்கிறேன். இன்று காலை ஒரு சாரம் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து இறக்கினேன். ஆதம்பாவாக் காக்காவின் சாரத்தைவிட இது நல்லது என்று அவருடைய தறிப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். மறுத்துக் கதைக்க ஆள் இல்லை.