பட்டியலில் ஒரே ஒரு ஏழுமலை

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்று தப்பு என்று அன்று எனக்கு ஏன் அவ்வளவு உறுதியாகத் தோன்றியது? இன்றுவரை விடை தெரியவில்லை.

போன வாரம் என் மகள் டிரங்குப் பெட்டியைக் கிளறி, சதுரமான கறுப்பு ஃபிளாப்பி ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டிருந்தாள். வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். அழுதாள். பிடுங்கியது சரியா என்று அதற்கும் ஒரு மணி நேரம் யோசித்தேன், நான் அப்படித்தான். அதன் காகித உறையில் இன்னும் கருவாட்டு வாசனை.

எண்பதுகளின் நடுவில் பழவேற்காட்டில் பஸ், பொன்னேரியில் ரயில் என்று ஏறி, சென்னையில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலைக்குப் போய்வந்தேன். ஊரில் அதற்கு ஏகப்பட்ட மரியாதை. ஏரியில் இறால் வலை போடும் இடத்தை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துத் தருவார்கள். பாடு என்று பெயர். அந்த வரிசை எழுதிய நோட்டு ஈரத்தில் ஊறிக் கிழிந்திருந்தது. "மிசின்ல அடிச்சிக் குடு கண்ணு" என்று ஊர்த் தலைவர் என்னிடம் தந்தார்.

நோட்டில் மா. ஏழுமலை இரண்டு இடத்தில் இருந்தார். பேரன்களுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம் என்பதால் பங்காளிகள் இருவருக்கும் ஒரே பெயர்; ஊர் வாயில் ஒருவர் வெறும் ஏழுமலை, மற்றவர் நண்டு ஏழுமலை. இது எனக்கும் தெரியும். ஆனால் திரையில் பார்த்தபோது, எழுதியவர் மறதியில் இரண்டு தரம் எழுதிவிட்டார் என்றே பட்டது. ஆபீசில் இரட்டைப் பதிவை நீக்கியே பழகிய கை, இரண்டாவதை நீக்கிவிட்டது.

பிரின்டர் கிறீச்சிட்டுத் தள்ளிய, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட காகிதத்தை ஊரே தொட்டுப் பார்த்தது. நோட்டு அடுப்புக்குப் போனது.

நண்டு ஏழுமலை மாமா வந்து கேட்டார். "இன்னா கண்ணு, மிசினுக்கு என்னத் தெர்லயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நீக்கியது இவரைத்தான் என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பெற்ற நைனா பக்கத்திலேயே பெருமையாக நின்றிருந்தார்.

"அதுல தப்பு வராது மாமா" என்றேன்.

மிசினை எதிர்த்துப் பேச யாருமில்லை. சரிபார்க்க நோட்டும் இல்லை. பங்காளிகள் இருவரும் ஒரே நாளைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று ஊர் முடிவுசெய்தது. பாதிப் பாடு போதாமல் மாமா அந்த வருஷம் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவினார். பிறகு குடும்பத்தோடு ஆரம்பாக்கம் போய்விட்டார்.

நீக்குவதற்கு முன் தட்டிய பட்டியல் இந்த ஃபிளாப்பியில் இருக்கிறது. இதில் ஏழுமலைகள் இரண்டு பேர். இதைப் படித்த கம்ப்யூட்டரை ஆபீசில் எப்போதோ தூக்கிவிட்டார்கள். நைனாவும் இல்லை.

ஆரம்பாக்கத்துக்குத் தினமும் பஸ் இருக்கிறது. முதலில் மாமா முன்னால் போய் நிற்பதா, இல்லை ஊர்க் கூட்டத்தில் சொல்லி, அவர் முறையை மீட்டுக்கொண்டு போவதா? உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.