மாட்டு வைத்திய அலுமாரியில் ஒளித்த புத்தகம்

உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறேன். பிளாட்டேயா என்ற சின்ன நகரத்தின் கதை வரும்போது மட்டும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துப் பேசுவேன். எல்லாம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் நான் செய்த வேலையால்தான்.

அந்த வருடம் தமிழ்மொழியில் வரலாறு சிறப்புப் பட்டத்துக்கு ஒரே ஒரு இடம். கிடைத்தால் நான்கு வருடம் படிக்கலாம். கிடைக்காவிட்டால் மூன்றே வருடம், பிறகு கண்டியில் அப்பாவின் புடவைக்கடை, அதன் பிறகு கல்யாணம். அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அந்த இடத்துக்காக யாரையும் கடித்துக் குதறத் தயாராக இருந்தேன்.

போட்டிக்கு இருந்தவள் என் அறைத்தோழி, யாழ்ப்பாணத்துக்காரி. ஒரே வாளியில் துணி ஊறவைப்போம், ஒரே சீப்பால் தலை வாருவோம். அப்படிப்பட்டவளுக்குத் தெரியாமல், நூலகத்தில் ஒரேயொரு பிரதி இருந்த கிரேக்க வரலாற்றுப் புத்தகத்தை மாட்டு வைத்தியப் புத்தகங்கள் இருந்த அலுமாரியில் செருகிவிட்டு வந்தேன். வெட்கமா? அப்போது கொஞ்சமும் இல்லை.

அந்த இடம் யாருக்கு என்று தீர்மானிக்கும் பரீட்சைக்கு முன் குப்பி நடக்கும். ஒரு பாடம் தெரிந்தவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. தெரிந்ததை மறைக்கக்கூடாது, அதுதான் அங்கே சட்டம். பிளாட்டேயா என் பங்குக்கு வந்தது. அந்த ஊர் ஏதென்ஸை நம்பி நின்றது, ஸ்பார்ட்டா முற்றுகை போட்டது, உதவி வரவே இல்லை, பட்டினியில் சரணடைந்தார்கள். "இந்தப் போரில் எங்களுக்கு என்ன நன்மை செய்தீர்கள்?" என்று ஸ்பார்ட்டா ஒவ்வொருவனையும் கேட்டுக் கேட்டுக் கொன்றது. நன்றாகத்தான் சொன்னேன்.

தோழி கையை உயர்த்தினாள். "ஏதென்ஸ் ஏன் வரேல்ல?"

தரைப்போரில் ஸ்பார்ட்டாவோடு மோத ஏதென்ஸுக்குத் துணிவில்லை, நண்பனைவிடத் தன் படை அதற்குப் பெரிது என்று அந்தப் புத்தகத்தில் விலாவாரியாக இருந்தது. நான் "தெரியலையே" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டாள்.

அறைக்கு வந்ததும் நிதானமாகச் சொன்னாள். "நீர் ஒளிச்சதைக் கண்டனான். அந்தப் புத்தகத்தை நான் போன கிழமையே வாசிச்சிட்டன். நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிடிபட்ட கோபம் வேறு. "வாசிச்சிட்டு எங்க வச்ச?" என்று கேட்டேன்.

"திரும்பவும் மாட்டுக்குள்ளதான்."

"அப்ப நீயும் கள்ளிதான்."

"ஓம்" என்றாள். இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடிந்தபோது எனக்கு அழுகை வந்தது, அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் குப்பியில் எல்லோர் முன்னாலும் வைத்தோம். எங்கே கிடந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு மாணவர், அதுவரை வாயே திறக்காதவர், மூன்று நாள் அதை மற்றவர்களிடம் மாறி மாறி வாங்கி வாசித்து, பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார்.

பரீட்சை முடிந்து தெரிவுப் பட்டியல் வந்தபோது இடம் அந்த மடவளைக்காரருக்கு. கலஹா சந்தித் தேநீர்க் கடையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணியும் ஆளுக்கொரு பணிஸ் பன்னும் வந்தன.

"புத்தகத்தைக் குடுக்காட்டி இடம் எங்களில ஒராளுக்குத்தான்" என்றாள் அவள்.

"ஆமா" என்றேன். "ஒருத்திக்குக் கிடைச்சிருந்தா மத்தவ இப்ப அவகூட இங்க உட்கார்ந்திருக்க மாட்டா."

அவள் தன் பணிசைப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.